துப்புக்கூலி: காவலும் களவும் ஒரே கையில் இருந்தால்...

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவன்)



மலர்க்குழு அண்ணன்மார் "பொது அறிவுக் கட்டுரை ஒண்ணு குடுப்பா" என்று கேட்டபோது மின்மாற்றியைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அதுதான் பாடத்திலேயே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறதே! ஆகவே பாடத்தில் இல்லாத, ஆனால் நம் காவிரிக்கரையில் பல நூறு ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ஒரு விஷயத்தைப் பாடம் போலவே எழுத முயன்றிருக்கிறேன்.

இன்று நம்மில் பலர் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளை ஆடுகிறோம். ஆளுக்கொரு நிஞ்சா வேடம். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் பகடை உருட்டுவார்கள். அந்த விளையாட்டுகளில் ஓர் ஊர் என்றால் கோட்டை, கடைத்தெரு, காவலர் மட்டும் போதாது. அந்த ஊரின் நிழல் உலகத்துக்கும் விதி வேண்டும். திருடர்களுக்குத் தலைவர் யார்? அவருக்கு எவ்வளவு கட்டினால் நம் வீட்டில் கை வைக்க மாட்டார்கள்? களவு போன வாளைத் திரும்பப் பெற யாரைப் பார்க்க வேண்டும்? இவை எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

"ஜப்பான்காரன் மூளையே மூளைடா!" என்று வியக்கிறோம். வியக்க வேண்டியதுதான். இகா என்ற மலைநாட்டின் நிஞ்சாக் கிராமங்களை 1581-இல் ஓடா நொபுனாகாவின் படை அழித்தது. அதற்குப் பிறகு அதே இகா ஆட்கள் தொக்குகாவா அரசிடம் சேர்ந்து எடோ கோட்டைக்குக் காவல் இருந்தார்கள். இருட்டில் சுவர் ஏறத் தெரிந்தவனையே சுவருக்குக் காவல் வைத்தார்கள்!

ஆனால் நண்பர்களே, இந்த யோசனைக்கு ஜப்பான் வரை போக வேண்டாம். பகடை இல்லாமலே இந்த ஆட்டம் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது: துப்புக்கூலி.

மூன்று கேள்விகள்

எந்த ஊரின் பாதுகாப்பையும் அளந்து பார்க்க மூன்று கேள்விகள் போதும் என்பது என் கருத்து.

1. காவலுக்குக் கூலி கொடுப்பது யார்?
2. அந்தக் கூலி எதற்காக? களவு நடக்காமல் இருந்ததற்கா, நடந்த பிறகு பொருளைத் திருப்பித் தந்ததற்கா?
3. அந்தக் கணக்கு எங்கே எழுதியிருக்கிறது?

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பூம்புகாரிலிருந்து புறப்படுவோம்.

புகாரின் வெள்ளிடை மன்றம்

காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த புகார் நகரத்தைச் சிலப்பதிகாரம் வர்ணிக்கும்போது ஐந்து மன்றங்களைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று வெள்ளிடை மன்றம். வெளியூர் வணிகர்கள் தங்கள் பெயரும் அளவும் எழுதிய மூட்டைகளை அங்கே போட்டு வைத்திருப்பார்கள். கதவு கிடையாது, பூட்டு கிடையாது, காவலாளியும் கிடையாது. எவனாவது மூட்டையைத் திருடினால் அவன் அதைக் கழுத்து வலிக்கச் சுமந்துகொண்டு அங்கேயே சுற்றிச் சுற்றி வருவானாம்!

இன்னொன்று பூத சதுக்கம். பொய்ச்சாட்சி சொல்பவன், புறங்கூறுபவன், பொய்த் தவவேடம் போடுபவன் போன்றவர்களை அங்குள்ள பூதம் கயிற்றால் கட்டி அடிக்கும். மற்றொன்று பாவை மன்றம். அரசனின் நீதி தவறினால் அங்குள்ள பாவை வாய் பேசாமல் கண்ணீர் வடிக்கும்.

இது காவியக் கற்பனை என்று ஒதுக்கிவிட வேண்டாம். உள்ளே இருக்கும் கருத்தைப் பாருங்கள். மூட்டையின் மேல் பெயரும் அளவும் எழுதியிருக்கிறது. அது யாருடையது என்பதில் சந்தேகமே வராது. மூன்றாவது கேள்விக்கு அன்றைக்கே விடை சொல்லிவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. திருடனுக்குத் தண்டனை, பொய் சொல்பவனுக்குத் தண்டனை, அரசனே தவறினால் அதைக் காட்டிக் கொடுக்க ஒரு பாவை. கீழே இருப்பவனை மட்டும் சந்தேகப்படும் ஊர் அல்ல அது. அதே காவியத்தில்தான் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் கோவலனைக் கள்வன் என்று கைகாட்டுகிறான். விசாரணை இல்லாமல் ஓர் உயிர் போகிறது. அது நடந்தது மதுரையில், பாவை இல்லாத ஊரில்!

கல்லில் வெட்டிய காவல்

காவியத்திலிருந்து கல்வெட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் கட்டி முடித்த முதலாம் இராசராசன், கோயில் காவலுக்கு ஆள் வைக்கும்போது ஓர் ஏற்பாடு செய்தான். அந்தக் காவலர்களுக்குத் திருமெய்காப்பு என்று பெயர். எந்தெந்த ஊர் ஆள் அனுப்ப வேண்டும் என்று ஊர்ப் பெயர்களோடு சுவரில் வெட்டி வைத்தான். அந்தக் காவலருக்கு உரிய நெல்லை அந்தந்த ஊராரே ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும்.

நம் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கூலி கொடுப்பது யார்? ஊரார். எதற்காக? காவல் இருப்பதற்காக. எங்கே எழுதியிருக்கிறது? இன்றும் நாம் போய்ப் பார்க்கக்கூடிய கோயில் சுவரில்! ஞாயிற்றுக்கிழமை பெரிய கோயிலுக்குப் போகிற நாம் எத்தனை பேர் சுவரைப் பார்க்கிறோம்? நந்தியின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஊர் வாரியத்துக்கு யார் வரக்கூடாது என்று சொல்கின்றன. பிறர் பொருளைத் திருடியவன் வரக்கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் வரக்கூடாது. திருடனையும் கணக்குக் காட்டாதவனையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள் பாருங்கள்! ஆனால் அதில் ஒரு குறையும் உண்டு. கணக்குக் காட்டாதவனின் உறவினர்களையும் சேர்த்தே விலக்கினார்கள். தப்பு ஒருத்தன் செய்ய, தண்டனை குடும்பத்துக்கு. இந்தக் குறையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிதாக வரும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல்லும் வருகிறது. ஊர்க் காவலுக்காகக் குடிகள் செலுத்திய வரி அது. அரசு வலுவாக இருந்தவரை அது வரியாக இருந்தது. அரசுகள் மாறி மாறி வந்து பிடி தளர்ந்த காலத்தில், காவல் என்பது சில குடும்பங்களின் பரம்பரைப் பாத்தியதை ஆனது.

குடிகாவலின் விதிகள்

பிற்காலத்தில் தஞ்சை, புதுக்கோட்டை, திருச்சி, மதுரை வட்டாரங்களில் பரவலாக இருந்த காவல் முறையின் விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி வரும்:

ஒன்று: ஊருக்கு ஒரு காவல்காரர். அந்த உரிமை அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும்.

இரண்டு: அறுவடை முடிந்ததும் களத்திலேயே காவலுக்கு உரிய தானியத்தை அளந்து கொடுத்துவிட வேண்டும்.

மூன்று: ஊரில் களவு போனால் காவல்காரர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும்.

இந்த மூன்றாவது விதியை இன்னொரு முறை படியுங்கள். இன்றைய காப்பீட்டுத் திட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? களவு நடந்தால் காவல்காரருக்கு நஷ்டம். ஆகவே களவு நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு லாபம். ஒழுங்காக நடந்தவரை இது நல்ல முறைதான் என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் நாளடைவில் நான்காவது விதி ஒன்று நுழைந்தது. எங்கும் எழுதாத விதி. களவு போன மாட்டைத் 'துப்பு' வைத்து மீட்டுத் தருபவருக்கு மாட்டுக்காரர் கூலி தர வேண்டும். மாட்டு விலையில் பாதி வரைகூட இது போகும் என்று அந்தக் காலத்து மாவட்டக் குறிப்புகள் சொல்கின்றன. பணம் கைமாறிய பிறகு "இன்ன தோப்புக்கு, இன்ன நேரத்துக்குப் போ" என்று சொல்வார்கள். போனால் மாடு கட்டியிருக்கும். கட்டியவன் இருக்க மாட்டான்.

இதற்குப் பெயர்தான் துப்புக்கூலி. இதன் விபரீதம் என்ன? முதல் கூலி களவு நடக்காமல் இருந்ததற்கு. இரண்டாவது கூலி களவு நடந்ததற்கு! இரண்டையும் வாங்குவது ஒரே கை என்றால் அந்தக் கை எந்தக் கூலியை விரும்பும்?

நம் துறைத் தோழர்களுக்கு எளிதாகப் புரியும். நெகட்டிவ் ஃபீட்பேக் உள்ள ஒரு சர்க்யூட்டில் வெளியீடு கூடினால் அதுவே அதைக் குறைத்துச் சரி செய்துகொள்ளும். அதே இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பாசிட்டிவ் ஃபீட்பேக் ஆகிவிடும், கட்டுக்கடங்காமல் போகும். ஆளும் அதே ஆள், ஊரும் அதே ஊர். மாறியது ஒயர் மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் டெல்டாவில் ஒரு சோடி உழவு மாடு என்றால் என்ன? மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு ஜூன் 12 தண்ணீர் திறப்பை எதிர்பார்த்துத்தான் நம் ஆட்கள் குறுவைக்குத் தயாராவார்கள். தண்ணீர் வந்த வாரத்தில் உழவில்லை என்றால் நாற்று வயசு தப்பிவிடும். டிராக்டர் பரவாத காலத்தில் அந்த வாரத்தில் மாடு காணாமல் போனால் போவது மாடு மட்டுமல்ல, அந்தப் போகமே போய்விடும்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. ஒரு சோடி மாடு 100 ரூபாய். திருடன் அதைத் தூரத்துச் சந்தைக்கு ஓட்டிப் போனால் வழியெல்லாம் பயம், வாங்குகிறவனும் சந்தேகப்பட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்பான். 25 ரூபாய் கிடைத்தால் அதிகம். மாட்டுக்காரரோ 40 ரூபாய் தரத் தயார். ஏனென்றால் புது மாட்டுக்கு 100 வேண்டும்; 60 மிச்சம். அந்த 40-இல் தரகருக்கு 10, திருடனுக்கு 30. அவனுக்கும் சந்தையைவிட 5 அதிகம், நடையும் இல்லை, பயமும் இல்லை.

ஆக மாட்டுக்காரருக்கு நிம்மதி, தரகருக்கு வரும்படி, திருடனுக்கு லாபம். மூன்று பேருமே சந்தோஷப்படும் வியாபாரம் இது! அப்படியானால் நஷ்டம் யாருக்கு? அடுத்த வீட்டுக்காரருக்கு. ஏனென்றால் அடுத்த வாரம் போகப்போவது அவருடைய மாடு.

திருடனுக்கு மிகச் சிறந்த சந்தை மாட்டுச் சந்தை அல்ல, மாட்டுக்காரர்தான். இதைப் புரிந்துகொண்டால் துப்புக்கூலி பாதி புரிந்த மாதிரி.

லண்டனிலும் ஒரு தரகர்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. லண்டனில் ஜோனதன் வைல்ட் என்று ஒருவர் இருந்தார். ஊரறிய அலுவலகம் வைத்துக் களவு போன பொருள்களை மீட்டுத் தந்தார். மக்கள் அவரைத் திருடர்களைப் பிடிக்கும் தளபதி என்றே நினைத்தார்கள். உண்மையில் திருடர்களை வேலைக்கு வைத்திருந்ததே அவர்தான்! தன் பேச்சைக் கேட்காத திருடனைப் பிடித்துத் தூக்குமேடைக்கு அனுப்பி நல்ல பெயரும் வாங்கிக்கொண்டார். குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்காமல் பொருளை மீட்டுத் தரப் பணம் வாங்குவதே குற்றம் என்று 1718-இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. 1725-இல் வைல்ட் தூக்கிலிடப்பட்டார்.

அதே கருத்து 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 215-ஆம் பிரிவாக நுழைந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 252-ஆம் பிரிவு. திருட்டுப் பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குபவர், குற்றவாளியைப் பிடித்துத் தண்டனை வாங்கித் தரத் தன்னால் ஆன எல்லா முயற்சியும் செய்யாவிட்டால், அவருக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "நான் திருடலையே, நல்லதுதானே பண்ணேன்" என்று தரகர் தப்பித்துக்கொள்ள முடியாது.

பண்டு: ஊர் கண்டுபிடித்த மருந்து

சட்டம் புத்தகத்தில் இருந்தது. ஊரில் துப்புக்கூலி நடந்துகொண்டுதான் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1816-இல் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டு ஊர்த் தலைவரையும் தலையாரியையும் போலீஸ் வேலைக்குள் கொண்டுவந்தது. 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. பழைய காவல்காரரின் உரிமைக்கு அரசிடம் மதிப்புப் போயிற்று. ஆனால் அவருடைய பிழைப்புக்கு யாரும் வேறு வழி காட்டவில்லை. வேலையைப் பிடுங்கிக்கொண்டு வயிற்றை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

1896 வாக்கில் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தார் ஒரு வேலை செய்தார்கள். காவல்காரருக்குக் கொடுத்ததை நிறுத்திவிட்டு, ஊருக்குப் பொதுவாக ஒரு நிதி சேர்த்தார்கள். 'ஃபண்டு' என்ற ஆங்கிலச் சொல்லே 'பண்டு' என்று ஆனது. மாடு களவு போனால் அந்த நிதியிலிருந்து மாட்டுக்காரருக்கு ஈடு கிடைக்கும். ஆகவே அவர் துப்புக்கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஊரே சொந்தமாகக் காவலுக்கு ஆளும் வைத்துக்கொண்டது.

எவ்வளவு நுட்பமான மருந்து பாருங்கள்! திருடனைத் துரத்தவில்லை, திருடனின் சந்தையை மூடிவிட்டார்கள். மாட்டுக்காரர் வாங்க வரவில்லை என்றால் அந்த 40 ரூபாய் வியாபாரமே இல்லை.

ஆனால் அந்த இயக்கம் அத்தோடு நிற்கவில்லை. கோபம் ஒரு முறையின் மேல் இருந்து ஒரு சமூகத்தின் மேல் திரும்பியது. வீடுகள் கொளுத்தப்பட்டன, குடும்பங்கள் விரட்டப்பட்டன. மருந்து நல்ல மருந்து, கொடுத்த கை தவறிவிட்டது.

பிறப்பின் மேல் போட்ட முத்திரை

அந்தத் தவற்றையே சட்டமாக்கியது வெள்ளைக்கார அரசு. 1871-இல் வடநாட்டில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். ஒரு குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்துவிட்டால் போதும். திருடினாயா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. கைரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். சில சமூகங்களைத் தனிக் குடியிருப்புகளில் அடைத்து வைத்தார்கள். இன்றைய ஆந்திரத்தில் உள்ள ஸ்டூவர்ட்டுபுரம் 1910-களில் அப்படி உருவான ஊர்தான்.

1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் சமூக மக்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அந்தச் சமூகங்களை இன்று சீர்மரபினர் என்கிறோம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஒரு குறையைப் பார்த்தோமே, தவறியவனின் உறவினரையும் விலக்கி வைத்தது? அந்தச் சிறு குறையே ஆயிரம் ஆண்டு கழித்து லட்சக்கணக்கான குடும்பங்களின் கழுத்தில் விழுந்தது. ஒயரைத் தவறாகக் கொடுத்துவிட்டு, மோட்டார் செய்த கம்பெனியையே குற்றவாளி என்று சொல்வது போலத்தான் இது.

ஆகவே துப்புக்கூலியைப் பற்றிப் பேசும்போது "அவங்க எல்லாம் அப்படித்தான்" என்று யாராவது ஆரம்பித்தால் தயவு செய்து நிறுத்துங்கள். காவல் இருந்தவர்களில் தன் கையிலிருந்து ஈடு கட்டியவர்களும் உண்டு. கூலி வாங்கிய தரகர்களில் எல்லாச் சாதிக்காரர்களும் உண்டு.

இன்று மாடு இல்லை, ஒயர் இருக்கிறது

பரம்பரைக் கிராம அலுவலர் முறையைத் தமிழக அரசு 1980-இல் ஒழித்தது. குடிகாவல் பழங்கதை ஆயிற்று. உழவு மாட்டுக்குப் பதில் டிராக்டர் வந்தது. துப்புக்கூலி போய்விட்டதா?

எங்கள் அப்பாயி ஒரு விஷயம் சொல்லும். அது சின்னப் பிள்ளையாக இருந்தபோது, உழவு நேரத்தில் வீட்டு மாடு ஒரு சோடி காணாமல் போயிற்றாம். அதன் அப்பா இரண்டு நாள் சோறு தின்னவில்லையாம். மூன்றாம் நாள் ஒருத்தர் வந்து பேசினார். வீட்டில் இருந்த பித்தளை அண்டா, குடம் எல்லாம் அடகுக்குப் போயின. மாடு வந்தது. "ஏன் அப்பாயி, போலீசுக்குப் போகலையா?" என்று கேட்டேன். "அங்க போனா எழுதிக் குடுக்கச் சொல்லுவாங்க. யாருப்பா எழுதுறது?" என்றது.

நண்பர்களே, இதற்கு முன் நான் எழுதிய கணக்கில் ஒரு எண்ணை விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. எழுதத் தெரியாதவருக்குப் போலீஸ் ஸ்டேஷன் பத்து மைல் அல்ல, நூறு மைல் தூரம். தரகர் வீட்டு வாசலுக்கே வருகிறார். எழுதச் சொல்வதில்லை, கையெழுத்துக் கேட்பதில்லை. படிக்காதவருக்குத் தரகர்தான் காவல் நிலையம்! எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும்.

போன கோடையில் எங்கள் தெருவில் ஒரு மாமாவின் போர்செட்டில் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே செம்பு இருக்கிறதே! மறுநாளே ஒருவர் வந்து, "நாலாயிரம் குடுங்க, விசாரிச்சுப் பார்க்கிறேன்" என்றார். மாமா கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். "மாமா, ஒரு நாள் பொறுங்க, நான் எழுதித் தர்றேன்" என்று சொல்லிப் புகார் எழுதினேன். எத்தனை மீட்டர், எந்த அளவு ஒயர், எந்தத் தேதியில் வாங்கியது, பில் நகல் எல்லாம் சேர்த்து. ஸ்டேஷனில் கொடுத்து மனு ஏற்பு ரசீது வாங்கினோம். கேபிள் இதுவரை கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்குக் கடன் வாங்கித்தான் புது ஒயர் போட வேண்டியதாயிற்று. "உன் எழுத்தால எனக்கு என்னடா ஆச்சு?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் கேட்டதுதான் திண்டுக்கல் கிராமத்தார் கேட்ட கேள்வி. இழந்தவனைத் தனியாக விட்டுவிட்டு "கொள்கைக்காகக் கூலி கொடுக்காதே" என்றால் அவன் எப்படிக் கேட்பான்? இழப்பை ஊர் பங்கு போட்டுக்கொண்டால்தான் அவன் கேட்பான். மாமாவின் கேள்வியை எங்கள் தெருவில் எல்லாரிடமும் சொன்னோம். இப்போது போர்செட் வைத்திருக்கும் பதினோரு பேர் மாதம் ஐம்பது ரூபாய் போடுகிறார்கள். யாருக்குக் கேபிள் போனாலும் அதிலிருந்து பாதி. கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். மாமாவும் முதல் மாதமே போட்டார்.

நாம் செய்யக்கூடியவை

படித்துவிட்டு மூடி வைக்காமல், நம் விடுதியிலும் தெருவிலும் செய்யக்கூடிய சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. அடையாளம்: புகார் வணிகர் மூட்டையில் பெயர் எழுதியது போல, நம் பொருளின் அடையாளத்தை எழுதி வைப்போம். கைப்பேசியில் நட்சத்திரம், வேலி, 06, வேலி என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சைக்கிள் சட்ட எண், மோட்டார் எண், கேபிள் பில் எல்லாமே அப்படித்தான்.

2. கைப்பேசி போனால்: புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணை முடக்கலாம். நாடு முழுவதும் 2023 மே மாதம் முதல் இந்த வசதி உண்டு. முடக்கிய கைப்பேசிக்குச் சந்தை குறையும். திருடனின் சந்தையை மூடும் அதே பண்டு மருந்துதான்!

3. புகார்: திருட்டு எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் தபாலில் அனுப்பலாம். இவை எல்லாம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவில் உள்ளவை.

4. வாங்காதீர்கள்: செம்பு ஒயருக்குத் திருடனின் சந்தை உரிமையாளர் அல்ல, காயலான் கடை. பில் இல்லாத மலிவுச் சரக்கு நமக்கும் வரும், புராஜெக்ட்டுக்கு ஆகுமே என்று தோன்றும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் அதுவும் குற்றம்.

5. எழுதிக் கொடுங்கள்: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உங்கள் தெருவில் எழுதத் தெரியாத ஒரு பெரியவராவது இருப்பார். அவருக்குப் புகார் எழுதிக் கொடுங்கள், கூடப் போய் நில்லுங்கள், ரசீது வாங்கிக் கையில் கொடுங்கள்.

தோழர்களே! விளையாட்டில் நிழல் உலகத் தலைவருக்குப் பணம் கட்டுவது தந்திரம். பகடை சரியாக விழுந்தால் வாள் திரும்பக் கிடைக்கும், ஆட்டம் முடியும், நாம் டீ குடிக்கப் போவோம். ஊரில் அப்படி இல்லை. நாம் கொடுக்கும் துப்புக்கூலி அடுத்த வீட்டுக் கொட்டகையின் கதவைத் திறந்து விடுகிறது.

யார் கூலி கொடுக்கிறார், எதற்குக் கொடுக்கிறார், எங்கே எழுதியிருக்கிறது? இந்த மூன்று கேள்விகளையும் நம் ஊரில், நம் விடுதியில், நம் சங்கத்தில்கூடக் கேட்போம். இந்த மலருக்கு வசூலித்த பணத்துக்கும் சேர்த்துத்தான்! (மலர்க்குழு அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

படித்த கை எழுதட்டும். எழுதும் கை உள்ள தெருவில் தரகருக்கு வேலை குறையும்.